நடுப்பெட்டி அம்மா

— இல்லை தம்பி, எனக்கு வெப்சைட் எதுவும் வேண்டாம். வெப்சைட்ல இருக்கிற ஒரு அம்மாதான் வேணும்.

— புரியலையேக்கா. முதல்ல உள்ள வாங்க. அந்த நாற்காலில வயர் கிடக்கு, இருங்க எடுத்துடறேன். ம், உட்காருங்க. எந்த வெப்சைட்?

— பேச்சுப் பயிற்சி டீச்சரோடது. பச்சைக் கலர்ல இருக்குமே, அது. நீதானே பண்ணினது? அடியில பொடி எழுத்துல உன் நம்பரும் விலாசமும் போட்டிருந்தது. போன் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன், நீ எடுக்கலை. சரி, ஆளையே போய்ப் பிடிப்போம்னு பஸ் ஏறிட்டேன்.

— வேலை நேரத்துல போனை சைலன்ட்ல போட்டுருவேன்க்கா. ஆமா, நான்தான் பண்ணினது. இப்பவும் நான்தான் பார்த்துக்கறேன். ஏன், சைட் திறக்கலையா? அப்பாயின்ட்மென்ட் போட முடியலையா?

— அதெல்லாம் ஜோரா திறக்குது. கேளு. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போச்சு. கையும் காலும் மெள்ள மெள்ள வந்துடுச்சு, பேச்சுக்குத்தான் அலைச்சல். எட்டு மாசமா அந்த டீச்சர்கிட்டதான் கூட்டிட்டுப் போறேன். அவங்களைத் தேடிப் போனதே உன் வெப்சைட்டைப் பார்த்துட்டுத்தான்.

— சந்தோஷம்க்கா.

— சந்தோஷத்தை அப்புறம் வெச்சுக்கலாம். அதுல கீழே தள்ளிட்டே போனா மூணு பெட்டி வரும். டீச்சர்கிட்ட போய் குணமானவங்க சொன்னதுன்னு. முதல் பெட்டில ஒரு ஸ்கூல் பையன், திக்கு வாயாம். மூணாவதுல தொண்டை ஆபரேஷன் ஆன ஒரு பாட்டுக்காரர். நடுப்பெட்டில ஒரு அம்மா. ‘என் கணவர் பக்கவாதத்தில் பேச்சை இழந்தார். எட்டாவது மாதம் என் பெயரைச் சொன்னார்.’ அந்த அம்மாவோட நம்பர் வேணும்.

— ஓ.

— என்ன, முழிக்கிறே?

— இல்லைக்கா. அதாவது, காபி போடட்டுமா?

— காபி வேண்டாம். நம்பர் போதும்.

— அவங்க நம்பர் எங்கிட்ட எப்படிக்கா இருக்கும்? டீச்சர்கிட்ட கேட்டுப் பார்த்தீங்களா?

— கேட்காம வருவேனா? ‘அதையெல்லாம் அந்தத் தம்பிதான் சேர்த்துப் போட்டாரு, அவர்கிட்ட இருக்கும்’னாங்க. நீ என்னடான்னா டீச்சர்கிட்ட போங்கறே. தம்பி, நான் ரயில் டிக்கெட் கவுண்டர்ல உட்கார்ந்தே வயசானவ. இந்த ஜன்னல் இல்லை, அந்த ஜன்னல்னு எத்தனை பேரை அலைய விட்டிருப்பேன். எங்கிட்டயேவா?

— அப்படி இல்லைக்கா. ஒருத்தரோட நம்பரை அவங்களைக் கேக்காம இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது. இந்தத் தொழில்ல அது ஒரு முறை.

— நல்ல முறைதான். கொடுக்காதே. நீயே போன் போட்டு, இப்படி ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கா, ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம்னு சொல்லு. நான் ரெண்டு நிமிஷம் பேசிட்டுக் கொடுத்துடறேன்.

— என்ன கேள்விக்கா?

— அது எனக்கும் அந்த அம்மாவுக்கும்.

— உங்க வீட்டுக்காரர் இன்னும் பேசலையா?

— கேள்வி கேக்க வந்தது நான். நீ இல்லை.

— சாரிக்கா. ஒரு நிமிஷம், போன் வருது. சொல்லுங்க சார். பார்த்தேன் சார். லோகோவை ஏற்கெனவே ரெண்டு தடவை பெரிசாக்கியாச்சு சார். இன்னும் பெரிசாக்கினா லோகோ மட்டும்தான் தெரியும், உங்க கார் தெரியாது. சரி சார், சாயங்காலம் பண்ணிடறேன். வெச்சுடறேன். டிரைவிங் ஸ்கூல்காரர்க்கா.

— போன் சைலன்ட்ல இருக்கும்னியே.

— இவருக்கு மட்டும் அடிக்கும். எடுக்கலைன்னா நேர்ல வந்துடுவார்.

— அப்ப நான் பண்ணினது சரிதான். இந்த மாதிரி எத்தனை பேரோடதைப் பார்த்துக்கறே?

— முப்பது முப்பத்தஞ்சு இருக்கும்க்கா. எல்லாம் சின்னச் சின்ன சைட். கண்ணாடிக் கடை, நாய் டாக்டர், பழைய பர்னிச்சர் விக்கிறவர். கட்டறது, படம் போடறது, எழுதறது, படுத்துடுச்சுன்னா எழுப்பறது, எல்லாம் நான் ஒருத்தன்தான்.

— இந்த ஒரு ரூம்ல உட்கார்ந்துக்கிட்டா?

— ஆமாக்கா. யார் முகத்தையும் பார்க்க வேண்டாமேன்னுதான் கம்பெனி வேலையை விட்டுட்டு வந்தேன்.

— இன்னிக்குப் பார்க்க வேண்டியதா போச்சு. சரி, போனை எடு.

— அக்கா, நீங்க அந்த ரெண்டு வரியை ரொம்பப் பெரிசா எடுத்துக்கறீங்களோன்னு தோணுது. அதாவது, ஒருத்தருக்கு நடந்தது இன்னொருத்தருக்கு அப்படியே நடக்கணும்னு இல்லையே.

— ரெண்டு வரிதான். அதை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு உனக்குத் தெரியுமா? உள்ள டீச்சர் அவரை ‘ஆ’ சொல்லுங்க, ‘ஊ’ சொல்லுங்கன்னுட்டு இருப்பாங்க. நான் வெளியில பெஞ்சுல உட்கார்ந்து போன்ல அந்தப் பெட்டியை எடுத்து வெச்சுக்குவேன். வீடு பூரா காகிதம் ஒட்டியிருக்கேன். ஜன்னல்ல ஜன்னல், கதவுல கதவு, நாற்காலில நாற்காலி. டீச்சர்தான் அப்படிச் செய்யச் சொன்னாங்க. என் நெத்தில மட்டும்தான் ஒட்டிக்கலை.

— ம்.

— மூணாவது மாசம் என் பையன் சொன்னான், போதும்மா விட்டுடு, அவரைப் படுத்தாதேன்னு. எட்டாவது மாசம்டான்னேன். அப்புறம் ஒரு நாள் அவரே தட்டைத் தள்ளி விட்டுட்டு, சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டார். வரமாட்டேன்னு அர்த்தம். அவர் காதுகிட்ட போய்ச் சொன்னேன், எட்டாவது மாசம் வரைக்கும் வாங்க, அதுக்கப்புறம் உங்க இஷ்டம்னு. அவரும் தலையாட்டினார். இந்த வாரத்தோட எட்டு முடியுது.

— டீச்சர் என்ன சொல்றாங்க?

— அவங்க முதல் நாளே சொல்லிட்டாங்க, எப்ப வரும்னு சொல்ல முடியாது, எவ்வளவு வரும்னும் சொல்ல முடியாதுன்னு. இந்தம்மா ரொம்ப அடக்கமா பேசறாங்க, நமக்குத்தான் தெரியுமே எட்டு மாசம்னுன்னு நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

— அக்கா, அந்த அம்மா போன்ல பேசமாட்டாங்க. மெயில்தான் பார்ப்பாங்க. நான் வேணா அவங்களுக்கு மெயில் போட்டுக் கேக்கறேன். பதில் வந்ததும் உங்களுக்கு அனுப்பறேன்.

— நிஜமாவா?

— சாயங்காலத்துக்குள்ள வந்துடும்.

— இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. எத்தனை நேரமா உன்னை மிரட்டிட்டு இருக்கேன். சரி, அவங்ககிட்ட இப்படிக் கேளு. எட்டாவது மாசம் அவர் பேர் சொன்ன அன்னிக்கு என்ன நடந்ததுன்னு ஒண்ணு விடாம எழுதச் சொல்லு. அவங்க எங்க நின்னாங்க, அவர் எங்க இருந்தார், எப்படிச் சொன்னார்னு. பெரிய மனசு பண்ணி எழுதச் சொல்லு. நீ நல்லா இருப்பே தம்பி. செருப்பை இங்கதானே விட்டேன்?

— அக்கா.

— பரவாயில்லை, நான் இறங்கிக்கறேன். படி தெரியும்.

— அக்கா, உட்காருங்க.

— ஏன்?

— ஒரு நிமிஷம் உட்காருங்க.

— என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? அந்த அம்மா செத்துட்டாங்களா? அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுத்தினியா?

— இல்லைக்கா.

— அவர் செத்துட்டாரா? பேர் சொன்னாரே, அவர்?

— சாகறதுக்கு அவங்க ரெண்டு பேரும் பொறந்திருக்கணும்க்கா.

— சில்லறை சில்லறையா கொடுக்காதே. மொத்தமா சொல்லு.

— அந்த ரெண்டு வரியும் நான் எழுதினது.

— அவங்க சொல்லச் சொல்ல எழுதினியா?

— யாரும் சொல்லலை. நானா எழுதினேன். சைட் கட்டும்போது, கஸ்டமர் கொடுக்க வேண்டிய எழுத்து நேரத்துக்கு வந்து சேராது. அதுக்காக வேலையை நிறுத்த முடியாது. அந்த இடத்துல எதையாவது நிரப்பி வெச்சு, பெட்டி எப்படித் தெரியுதுன்னு பார்ப்போம். மத்தவங்கல்லாம் அர்த்தமே இல்லாத எழுத்தைக் கொட்டி வைப்பாங்க. அதைப் பார்த்தா கஸ்டமர் பயந்துடறாங்க, வைரஸா தம்பின்னு கேக்கறாங்க. அதனால நான் நிஜம் மாதிரியே எழுதி வைப்பேன். அதுல எனக்கு ஒரு பெருமை வேற.

— நிஜம் மாதிரி.

— நிஜமானது வந்ததும் மாத்திடுவேன்க்கா. எல்லா சைட்லயும் மாத்தியிருக்கேன். டீச்சர்கிட்டயும் கேட்டேன், உங்ககிட்ட வர்றவங்க சொன்னதை அனுப்புங்கன்னு. நாளைக்கு அனுப்பறேன்னாங்க. அவங்களுக்கும் வேலை. நடுவுல எனக்கு டிரைவிங் ஸ்கூல் வந்தது, அடுத்தது, அதுக்கடுத்தது. நான் கேக்கறதை விட்டுட்டேன். அப்புறம் மறந்தே போச்சு.

— அவங்க அதைப் பார்க்கவே இல்லையா?

— மொத்தத்தையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்கன்னு சொன்னேன். மத்ததையெல்லாம் படிச்சாங்களாம். அந்த இடம் வந்ததும், என்னைப் புகழ்ந்திருக்கிறதை நானே உட்கார்ந்து படிக்கக் கூச்சமா இருக்குன்னு தாண்டிட்டாங்க. நான் யார்கிட்டயோ கேட்டு வாங்கிப் போட்டிருக்கேன்னு இன்னிக்கு வரைக்கும் நினைச்சுட்டு இருக்காங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லைக்கா.

— அப்ப அந்த ஸ்கூல் பையன்?

— அவனும் இல்லை.

— பாட்டுக்காரர்?

— இல்லைக்கா.

— அந்தப் பையனுக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். மேடையில ஏறிப் பேசினான்னு போட்டிருந்தியே.

— மன்னிச்சிருங்கக்கா.

— இரு. மன்னிக்கறதெல்லாம் அப்புறம். எட்டு ஏன்?

— எது?

— ஏழு இல்லை, ஒன்பது இல்லை, எட்டுன்னு ஏன் போட்டே? எந்த டாக்டரையாவது கேட்டியா? எங்கயாவது படிச்சியா?

— அதை விட்டுடுங்கக்கா.

— சொல்லு.

— முதல்ல பதினொன்றாவது மாதம்னுதான் எழுதினேன். அது நீளமான வார்த்தை. வரி மடங்கி அடுத்த வரிக்குப் போயிடுச்சு. ரெண்டு பக்கமும் பெட்டி குட்டையா இருக்கு, நடுவுல இது மட்டும் தொங்குது. பார்க்க நல்லா இல்லை. எட்டாவதுன்னு மாத்தினேன். மூணும் ஒரே அளவா உட்கார்ந்துடுச்சு.

— பெட்டி ஒரே அளவா உட்காரணும்னு.

— ஆமாக்கா.

— என் பையன்கிட்ட சண்டை போட்டேனே. அவர் காதுல போய்ச் சொன்னேனே. எல்லாம் உன் பெட்டி அழகா இருக்கணும்னு.

— என் தப்புதான்க்கா.

— உன்னை ஓங்கி அறையணும் போல இருக்கு.

— அறைஞ்சிருங்கக்கா.

— அறைஞ்சா எனக்குத்தான் கை வலிக்கும். கொஞ்சம் தண்ணி கொடு.

— இந்தாங்க. இப்பவே அதை எடுத்துடறேன்க்கா. உங்க கண்ணு முன்னாடியே.

— எடுத்துட்டா? நான் படிச்சது படிக்கலைன்னு ஆயிடுமா?

— ஆகாது. ஆனா எடுக்காம விட்டா நாளைக்கு வேற ஒருத்தர் படிச்சுட்டு இதே மாதிரி எண்ணிக்கிட்டு இருப்பாங்க.

— அது சரிதான். இந்த ஸ்க்ரீனை இப்படித் திருப்பு, நானும் பார்க்கறேன். ம். எடு.

— எடுத்துட்டேன். மூணையும் எடுத்துட்டேன்.

— போயிடுச்சா?

— போயிடுச்சுக்கா.

— அவ்வளவுதானா? ஒரு சத்தம்கூட வரலையே.

— இதுல சத்தம் எதுவும் வராதுக்கா. இன்னிக்கே டீச்சரைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொல்லிடறேன். அவங்க என்னை விட்டுட்டு வேற ஆளைப் பார்த்தாலும் பரவாயில்லை.

— அவங்க விடமாட்டாங்க. திட்டக்கூடத் தெரியாது அவங்களுக்கு. இன்னொண்ணு சொல்லு. மாசத்தைப் பெட்டிக்காகப் போட்டே, சரி. பேரைச் சொன்னார்னு ஏன் எழுதினே? தண்ணி கேட்டார்னு எழுதியிருக்கலாம். பசிக்குதுன்னார்னு எழுதியிருக்கலாம். அதுவும் ரெண்டு வரிக்குள்ள அடங்கும்.

— அடங்கும்தான். ஆனா, இத்தனை நாள் கூட இருந்து பார்த்துக்கிட்டவங்க பேரைத்தானே ஒரு மனுஷன் முதல்ல சொல்வார்? அப்படித்தான் தோணிச்சு எனக்கு.

— உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?

— இல்லைக்கா.

— தெரியுது. கேளு, என் வீட்டுக்காரர் நல்லா இருந்த காலத்துலயே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தா, இங்க பாரு, ஏம்மா, இவ்வளவுதான். வெளியாள்கிட்ட பேசும்போது ‘வீட்ல’. வீட்ல கேட்டுச் சொல்றேன், வீட்ல உடம்பு சரியில்லைன்னு. நான் அந்த வீட்டுக்கு வாழப் போய் எத்தனையோ வருஷமாச்சு, என் பேர் அவர் வாயிலேர்ந்து வந்தது பாங்க்லயும் ஆஸ்பத்திரிலயும்தான். அதுவும் அவங்க கேட்டு, எழுத்து எழுத்தா.

— எங்க அப்பாவும் அப்படித்தான்க்கா. நான் எழுதும்போது அது ஞாபகம் வரலை. அப்படிப்பட்டவர் உங்க பேரைச் சொல்வார்னு நீங்க எப்படிக்கா எதிர்பார்த்தீங்க?

— அந்த அம்மா புருஷன் சொன்னாரே.

— அந்த அம்மா இல்லைக்கா.

— அதை இப்பத்தானே சொல்றே. எட்டு மாசமா இருந்தாங்களே. பெஞ்சுல எனக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. அவங்க புடவை என்ன கலர்னுகூட எனக்குத் தெரியும்.

— நான் எழுதினது ரெண்டு வரிதான்க்கா.

— மிச்சத்தை நான் எழுதிக்கிட்டேன் போல. அப்ப எந்தப் புருஷனும் சொல்லலை, என்ன?

— எங்கயாவது யாராவது சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லை.

— எனக்குத் தெரிஞ்சு அந்த ஒருத்தன்தான் சொன்னான். அவனையும் இப்ப நீ அழிச்சுட்டே.

— சிரிக்கிறீங்களா, அழறீங்களாக்கா?

— எதையோ ஒண்ணைப் பண்றேன், விடு. நான் கிளம்பறேன். பையன் லீவு போட்டுட்டு அவர்கூட இருக்கான்.

— போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமாக்கா? தப்பா நினைக்கக் கூடாது. அந்த நடுப்பெட்டில உங்களுக்கு நடந்ததைப் போடலாமா? நிஜமா நடந்ததை மட்டும். எட்டு மாசமா வர்றோம், இன்னும் பேச்சு வரலைன்னாலும் அதையே போடறேன். பெட்டி எவ்வளவு தொங்கினாலும் தொங்கட்டும்.

— பேச்சு வரலைன்னு உனக்கு யார் சொன்னது?

— நீங்கதானேக்கா, எட்டாவது மாசம் முடியுதுன்னு…

— முடியுதுன்னுதான் சொன்னேன். வரலைன்னு சொன்னேனா? நேத்து காலையில ஜன்னல்கிட்ட உட்கார வெச்சு சட்டைப் பட்டன் போட்டு விட்டுட்டு இருந்தேன். என் முகத்தையே பார்த்துட்டு இருந்தார். வாயைத் திறந்தார். தெளிவா, முழுசா ஒரு பேர் சொன்னார்.

— அக்கா.

— என் நாத்தனார் பேர். அவர் கூடப் பொறந்தவ. விழுந்தாரா எழுந்தாரான்னு இத்தனை மாசத்துல ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்காதவ. அந்த அம்மாகிட்ட கேக்க வந்ததும் அதுதான். ‘உன் புருஷன் முதல்ல சொன்னது உன் பேர்தானா, இல்லை வேற யார் பேரையாவது சொல்லிட்டு அப்புறம் உன்கிட்ட வந்தாரா’ன்னு.

— டீச்சர்கிட்ட இதைச் சொன்னீங்களா?

— யார்கிட்டயும் சொல்லலை. பையன்கிட்டகூட. அவமானமா இருந்தது தம்பி. அந்த நடுப்பெட்டிக்காரியும் எட்டு மாசம் பார்த்தா, நானும் எட்டு மாசம் பார்த்தேன், அவளுக்கு மட்டும் எப்படி அமைஞ்சதுன்னு ஒரே பொறாமை. இல்லாத ஒருத்திமேல.

— அக்கா, ஒரு பேர் வந்துடுச்சுன்னா அடுத்தது வரும்க்கா. அந்தப் பேருக்கு அப்புறம் வேற ஏதாவது சொன்னாரா?

— எனக்கு எப்படித் தெரியும்? எட்டு மாசம் கழிச்சு மனுஷன் வாயைத் திறந்திருக்கார், நேத்து காலையிலேர்ந்து நான் அவர்கூடப் பேசலை.